ஆறு மணி முதல் பத்து மணி வரை

மாடிப்படிக்கு அடியில் புது மீட்டரை மாட்டிவிட்டுப் போன அன்றைக்கே அதற்கு மாமியார் என்று பேர் வைத்துவிட்டாள் சின்ன மருமகள். அசல் மாமியார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. இருந்த காலத்தில் அந்தப் படிக்கு அடியில்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறார்கள், யார் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார்கள் என்று இரண்டு மருமகள்களையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது அதே இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஊர் மொத்தமும் விளக்கும் ஏசியுமாக மின்சாரத்தை இழுக்கிற நேரம். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று மின்சார ஆபீசில் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அளவைத் தாண்டினால் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மேலும் கீழுமாக வீடு முழுக்க இருட்டாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மனமிரங்கி விட்டுவிடும். ஆனால் ஒரே சாயங்காலத்தில் மூன்றாவது தடவையும் தாண்டிவிட்டால் பத்து மணி வரை மனமிரங்காது.

"அத்தைகூட திட்டித் தீர்த்துட்டு விட்டுடுவாங்க அக்கா. இது வாயே திறக்காம கழுத்தைப் பிடிக்குது" என்பாள் சின்னவள்.

கீழ்வீட்டில் பெரியவளும் அவள் புருஷன் பெயின்டரும் இருந்தார்கள். மாடியில் பெயின்டரின் தம்பி வேன்காரன், அவன் பெண்டாட்டி சின்னவள், படிக்கிற மகள் ஒருத்தி. அப்பா கட்டிய வீடு. பாகம் பிரித்தபோது சுவரைப் பிரித்தார்கள், வாசலைப் பிரித்தார்கள், மின்சார இணைப்பை மட்டும் பிரிக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் அதற்கெல்லாம் எதற்குத் தனி இணைப்பு என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மையைத்தான் இப்போது தினமும் சாயங்காலம் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் பிரிக்கவும் வழியில்லை. தெருவுக்கே புது இணைப்பு கொடுப்பதை நிறுத்திவைத்திருந்தார்கள்.

பெயின்டர் என்றால் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பெயின்டர் அல்ல. கார் பட்டறையில் ஸ்பிரே துப்பாக்கி பிடித்தவர். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திய கொட்டகைக்குள் நாளெல்லாம் நின்றவர். தூசு ஒட்டிவிடக்கூடாது என்பதற்காகக் காற்றுப் புகாத கொட்டகை. காருக்குத் தூசு ஒட்டவில்லை. ஊரில் ஓடுகிற பாதிக் கார்களின் பளபளப்பு அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது உள்ளறையில் கட்டிலும் அவருமாக, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். இடுப்பளவு உயரப் பெட்டி. காற்றை உள்ளே இழுத்து, பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். ராத்திரியும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால் உறுமலை நிறுத்திவிட்டு 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பிக்கும். அந்தக் கத்தலுக்கு இரண்டு வீடும் நடுங்கும்.

மெஷின் வாடகைக்கு எடுத்தது. வாடகை பெரியவளின் இஸ்திரிப் பெட்டியிலிருந்து வந்தது.

அவள் தேய்த்தது பஸ் விரிப்பு. ராத்திரி கிளம்பி விடியற்காலையில் வேறு ஊர் போய்ச் சேருகிற படுக்கை பஸ்கள் இருக்கிறதல்லவா, அதில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு வெள்ளை விரிப்பு, ஒரு தலையணை உறை. பஸ் மத்தியானம்தான் திரும்பி வரும். விரிப்புகளை உருவி, துவைக்கிற இடத்தில் போட்டு, காயவைத்து, மூட்டையாகக் கட்டிப் பெரியவள் வாசலில் இறக்கும்போது சாயங்காலம் ஆகிவிடும். ராத்திரி பஸ் கிளம்புவதற்குள் மடித்துத் தயாராக இருக்க வேண்டும். அதாவது ஊர் மொத்தமும் மின்சாரத்தை இழுக்கிற அதே நேரத்தில்தான் அவளும் இழுத்தாக வேண்டும். காலையில் தேய்க்கலாமே, பத்து மணிக்குமேல் தேய்க்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். பஸ்ஸைக் காத்திருக்கச் சொல்ல யாராலும் முடியவில்லை.

விரிப்பில் தண்ணீர் தெளித்து, சுருட்டி, ஊறவைத்து, மேஜைமேல் பழைய கம்பளிக்கு மேலே உதறிப் போட்டு அழுத்தித் தேய்ப்பாள். எத்தனை துவைத்தாலும் சூடு பட்டதும் அந்த விரிப்புகளிலிருந்து யார் யாருடைய தலை எண்ணெய் வாசமோ எழும். முகம் தெரியாத மனிதர்களின் தூக்கத்தைத் தேய்த்து மடிப்பதாக அவளுக்குச் சில நேரம் தோன்றும். நாலாக மடித்து, கம்பெனி பேர் மேலே தெரியும்படி அடுக்க வேண்டும். கறை இருந்தாலோ மடிப்புக் கோணினாலோ மூட்டைக்காரர் திருப்பித் தள்ளிவிடுவார். மூட்டைக்காரர் என்பது கம்பெனியிலிருந்து வந்து வாங்கிப்போகிற ஆள். கெட்டவர் இல்லை. வரும்போதெல்லாம் உள்ளறைப் பக்கம் எட்டிப்பார்த்து, "சார் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

கரிப் பெட்டி வைத்துத் தேய்த்தால் மின்சாரமே வேண்டாமே என்ற யோசனையும் வந்தது. வாங்கிவந்து தெருவில் வைத்துத் தேய்த்தும் பார்த்தாள். புகை திரும்பி ஜன்னல் வழியாக உள்ளேதான் வந்தது. பெயின்டர் இருமின இருமலில் சின்னவள் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். போதாததற்கு வெள்ளை விரிப்பில் கரிப்பொறி விழுந்து மூட்டையில் பாதி திரும்பி வந்தது. கரிப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று.

அப்புறம்தான் இரண்டு மருமகள்களும் சேர்ந்து ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டார்கள். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு டம்ளரால் தட்டுவது. ஒரு தட்டு என்றால் நான் போடப்போகிறேன். இரண்டு தட்டு என்றால் நான் அணைத்துவிட்டேன், நீ போடு. இஸ்திரிப் பெட்டி சூடேறும் வரைதான் இழுக்கும். சூடேறிச் சிவப்பு விளக்கு அணைந்ததும் பெரியவள் சுவிட்சை நிறுத்திவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்தச் சூட்டிலேயே அவள் தேய்த்துக்கொண்டிருக்க, மேலே சின்னவள் கரண்ட் அடுப்பைப் போட்டுச் சோற்றை ஒரு கொதி கொதிக்கவிடுவாள். பிறகு மேலேயிருந்து இரண்டு தட்டு. இங்கே பெட்டி, அங்கே அடுப்பு, மறுபடி பெட்டி. சோறு குழைந்தும் வேகாமலும் வரும். விரிப்பு மட்டும் நேரத்துக்குப் போய்விடும்.

"நாம ரெண்டு பேரும் இத்தனை வருஷத்துல இப்படி ஒத்துமையா இருந்ததே இல்லைக்கா" என்று சிரிப்பாள் சின்னவள். உண்மைதான். அசல் மாமியார் செய்யாததை இந்த மாமியார் செய்திருந்தது.

இந்த முறையில் மெஷினுக்கு முறை கிடையாது. அது எப்போதும் ஓடும். அதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இந்தக் கோடையில்தான் தலையில் இடி விழுந்தது. வெயில் தாங்காமல் ஊரெல்லாம் புதுசு புதுசாக ஏசி மாட்டியதில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஒரு நாள் புகைந்துபோனது. அடுத்த வாரம் எல்லா வீட்டுக்கும் அந்த நாலு மணி நேர அளவைக் குறைத்துவிட்டார்கள். பெரியவளுக்கு அது தெரிந்த விதம், இஸ்திரிப் பெட்டியைப் போட்ட சில நொடியில் 'டக்'. மேலே அடுப்பு அணைந்துதான் இருந்தது. உள்ளே மெஷின் கத்த ஆரம்பித்தது. மின்சாரம் வந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தாள். மறுபடி 'டக்'. மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தாலே அளவு தாண்டிவிடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது தடவையும் போட அவளுக்குப் பைத்தியமா என்ன? அன்று மூட்டை பாதியோடு போயிற்று.

மறுநாள் மின்சார ஆபீசுக்குப் போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் எரிந்து விழவில்லை, அலையவிடவில்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மெஷின் வச்சிருக்கிற வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா விடலாம்மா. ரூல் இருக்கு" என்றான்.

"அப்ப விடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உங்க தெருவுல உங்களோட சேர்த்து மூணு வீட்டுல மெஷின் இருக்கும்மா. மூணு பேருக்கும் விட்டா டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. புகைஞ்சுதுன்னா மூணு மெஷினும் சேர்ந்து நிக்கும். பெருசா ஒண்ணு கேட்டு எழுதியிருக்கோம்."

"எப்ப வரும்?"

அவன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். "போன கோடைக்கே எழுதினதும்மா."

"மழை வந்தா அளவைக் கூட்டுவீங்களா?"

"மழை வந்தா கூட்டுவோம்" என்றான் அவன், ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் சொல்ல முடிந்ததே என்கிற நிம்மதியில். மழைக்காலத்தில் விரிப்பு காயாது, மூட்டை இன்னும் தாமதமாகத்தான் வரும் என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. பாவம், அவன் முகத்தையும் எதற்குத் தொங்கப்போட வேண்டும்.

வேன்காரன் தன் பங்குக்கு எங்கிருந்தோ ஒரு பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பகலெல்லாம் சார்ஜ் ஏற்றி, சாயங்காலம் மெஷினை அதில் மாட்டினார்கள். நாலு விரிப்பு தேய்ப்பதற்குள் மெஷின் கத்திவிட்டது. பார்க்க வந்த பேட்டரிக் கடைக்காரன், "இது செத்துப்போன பேட்டரிங்க. இது மூச்சு விடறதே பெருசு. இதுகிட்டப் போய் மூச்சு கேக்கறீங்க" என்றான். புதுசின் விலையைக் கேட்டுவிட்டு வேன்காரன் அவனை வழியனுப்பிவைத்தான். பெரியவள் எதிர்வீட்டில் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் ஒரு சாயங்காலம் மேஜை போட இடம் கொடுத்தார்கள். அன்று அவர்கள் வீட்டில் ஃபேன் ஓடவில்லை, சமையல் ஆகவில்லை. மறுநாள் கதவைத் தட்ட அவளுக்கே கை வரவில்லை.

அந்த வாரம் முழுக்கத் திருடிக்கொண்டு தேய்த்தாள். பெட்டியைப் போடுவாள், 'டக்' விழுவதற்குள் எடுத்துவிடுவாள். அரைச்சூட்டில் தேய்த்த விரிப்பு சுருங்கிச் சுருங்கி நின்றது. மூட்டைக்காரர் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஓனரு பார்த்தாருன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்லிடுவாரு" என்றார் தாழ்ந்த குரலில். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் அது நடந்தது. பெரியவள் பெட்டியைப் போட்டுவிட்டு 'டக்'குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. பெட்டி முழுச்சூடு ஏறியது. ஒரு விரிப்பு, இன்னொரு விரிப்பு, மூட்டையே முடிந்துவிட்டது. உள்ளறையில் வழக்கமான உறுமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் படிக்கட்டில் ஏறி நின்று கத்தினாள்.

"ஏய், மாமியார் மனசு இளகிட்டாடி!"

"நிஜமாவாக்கா?" என்று சின்னவள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அந்த ஆபீஸ் தம்பி சத்தமில்லாம நமக்கு விட்டிருக்கான் போல. நல்ல பையன், அன்னிக்கே நினைச்சேன். மத்த ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சா சண்டைக்கு வருவாங்க, நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

பெயின்டர் கட்டிலில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து அவர் சாயங்காலங்களில் அதிகம் பேசுவதில்லை. உள்ளே வெக்கையாக இருக்கிறது என்று பரண்மேல் கிடந்த பழைய டேபிள் ஃபேனை இறக்கித் தரச் சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அது காற்றைவிட அதிகமாகச் சத்தத்தைக் கொடுக்கிற ஃபேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கிற கிளிப்பைக் காணவில்லை என்றும் சொல்லியிருந்தார். தேடலாம் என்றிருந்தாள். விரிப்பு ஒழுங்காகப் போக ஆரம்பித்ததில் அது மறந்துபோயிற்று.

சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல வேண்டும். வேறு எப்படிச் சொல்வது? அந்த நாட்களில் அவள் தேய்க்கும்போது தனக்குள் எதையோ முணுமுணுத்துப் பாடியதைச் சின்னவள் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் இரண்டு முட்டையை வேகவைத்து, ஒன்றை மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். மின்சார ஆபீஸ் பையனுக்கு ஒரு வேண்டுதல்கூட வைத்தாள்.

அன்று மாடிக்கு யாரோ வந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு டீ போடுகிற அவசரத்தில் சின்னவள் தட்ட மறந்து அடுப்பைப் போட்டுவிட்டாள். கீழே பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. 'டக்.' வீடு முழுக்க இருட்டு. மாடியில் "ஐயோ, மறந்துட்டேன்க்கா!" என்று சின்னவளின் குரல். உள்ளறையில் டேபிள் ஃபேன் கடகடவென்று இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

மெஷின் கத்தவில்லை.

பெரியவள் காத்திருந்தாள். மின்சாரம் போனால் அது கத்தும். கத்தாமல் இருந்ததே இல்லை. ஓடிக்கொண்டிருந்தால்தான் கத்தும், அணைத்துவைத்திருந்தால் எதற்குக் கத்தப்போகிறது? ஒரு வினாடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபேன் எதற்கு, கிளிப் எங்கே, ஆபீஸ் பையனின் நல்ல மனசு எது, எல்லாமே. இத்தனை நாள் மெஷின் உறுமல் என்று நினைத்துக்கொண்டு அவள் கேட்டது அந்த ஓட்டை ஃபேனின் கடகடப்பு.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் அவள் கதையைச் சொல்லுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு அதை மறைப்பது நியாயமில்லை. அவள் உடனே உள்ளே ஓடவில்லை. மேஜைமேல் பாதி தேய்த்த விரிப்பு கிடந்தது. கையில் பெட்டியின் சூடு மிச்சமிருந்தது. இருட்டில் பழகின கை, அந்த மிச்சப் பாதியையும் கரையோடு சேர்த்து அழுத்தித் தேய்த்தது, நாலாக மடித்தது, பேர் மேலே தெரிய அடுக்கில் வைத்தது. சூடு வீணாகப் போய்விடுமே என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவள் பிற்பாடு எந்நாளும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம்தான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னங்க."

"ம்."

"மெஷின் கத்தலை."

இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. சூடான டீயை ஊதுகிற மாதிரி, உதட்டைக் குவித்து, சிறுகச் சிறுக.

"அதுவும் எத்தனை தடவைதான் கத்தும்" என்றார் விட்டு விட்டு. "தொண்டை... கட்டியிருக்கும்."

"விளையாடாதீங்க. எத்தனை நாளா இது?"

"நீ... மாமியார் மனசு இளகிட்டான்னியே... அன்னிலேர்ந்து."

அவள் கையால் துழாவிக் குழாயைத் தேடினாள். குழாய் தலையணைக்கு அடியில் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதோடு கிளிப்பும் இருந்தது. அதற்குள் மின்சாரம் திரும்பி வந்து ஃபேன் மறுபடி கடகடத்தது. அவள் எட்டி அதை நிறுத்திவிட்டு மெஷினைப் போட்டு, அவர் மூக்கில் குழாயை மாட்டிவிட்டாள். வெளிச்சத்தில் பார்த்தால் அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. கையிரண்டையும் முழங்காலில் ஊன்றி, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பாவி மனுஷா, ஏன் இப்படிப் பண்றீங்க? நான் அந்தப் பக்கம் பாட்டுப் பாடிட்டுத் தேய்க்கிறேன், நீங்க இந்தப் பக்கம்..." அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். உடனே அந்த இடத்தைத் தடவினாள்.

"ஒண்ணும் ஆகலையே. அசையாம உக்காந்தா... அவ்வளவா வேண்டியிருக்கறதில்லை. பேசக்கூடாது. முன்னாடி சாஞ்சுக்கணும். வாயைக் குவிச்சு ஊதணும். பழகிட்டா வந்துடுது."

"டாக்டர் கழட்டவே கூடாதுன்னு சொன்னாரு."

"பதினாறு மணி நேரம் போட்டாப் போதும்னும்... அவர்தான் சொன்னாரு."

"அது போன வருஷம்!"

"டாக்டர் வீட்டு மாமியார் நல்ல மாமியார். அவர் சொல்லுவாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைலேர்ந்து விரிப்பு வேண்டாம்னு மூட்டைக்காரர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு... பார்த்துக்கலாம்."

"மெஷின் வாடகையை யார் குடுப்பா? தம்பியா? அவன் வேன் டயருக்கே தாளம் போடறான்." கொஞ்சம் நிறுத்திக் காற்றை வாங்கிக்கொண்டார். "இதை நிறுத்தினாத்தான் நீ தேய்க்க முடியும். நீ தேய்ச்சாத்தான் இது நம்ம வீட்டுல இருக்கும். இதுல நீ என்ன பண்ணுவே, நான் என்ன பண்ணுவேன். யார் மேலயும் தப்பில்லை. அழாதே. போய் மிச்சத்தை முடி, அவர் வந்துடுவாரு."

மறுநாள் அவள் மூட்டையை வாங்க மறுத்துவிட்டாள். உடம்பு சரியில்லை என்று ஏதோ சொல்லி அனுப்பினாள். இஸ்திரிப் பெட்டி மேஜைமேல் குளிர்ந்து கிடந்தது. அவள் உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மணி ஆனதும் பெயின்டர் அவள் கண்ணெதிரிலேயே மெஷினை அணைத்தார். குழாயைக் கழற்றிச் சுருட்டினார்.

"நான்தான் இன்னிக்குத் தேய்க்கலையே! எதுக்கு அணைக்கிறீங்க?"

பேசினால் மூச்சு செலவாகும். கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி ஊத ஆரம்பித்தார். அவள் கெஞ்சினாள், திட்டினாள், குழாயைத் திரும்ப மாட்டப் போனாள். அவர் கையால் தள்ளிவிட்டார். தள்ளின அந்த ஒரு அசைவுக்கே அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்த்து அவள் பயந்து விலகிக்கொண்டாள். தேய்த்தாலும் அணைப்பேன், தேய்க்காவிட்டாலும் அணைப்பேன். அப்புறம் தேய்க்காமல் இருந்து என்ன சாதிக்கப்போகிறாய் என்பதுதான் அவர் சொன்னது. ஒரு வார்த்தை பேசாமலே சொன்னார்.

சத்தம் கேட்டு வேன்காரனும் சின்னவளும் இறங்கிவந்தார்கள். நடந்ததைக் கேட்டதும் சின்னவள் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"மாமா, நாங்க ஆறு மணிக்குள்ள சமைச்சு முடிச்சுடறோம். ராத்திரி அடுப்பே போடமாட்டேன். சத்தியமா போடமாட்டேன்."

"அதனால ஒண்ணும் ஆகாதுடி" என்றாள் பெரியவள். "உன் அடுப்பு இல்லாமலே தாண்டுது."

வேன்காரன் அண்ணன் காலடியில் உட்கார்ந்து, "அண்ணே, என் உசிரை வேணா எடுத்துக்கோ, இது மட்டும் வேண்டாம்ணே" என்றான்.

பெயின்டர் தம்பியின் தலையில் கை வைத்தார். "உன் உசிரை வச்சு... இஸ்திரி போட முடியுமாடா?" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் சிரிக்கவில்லை, அவரைத் தவிர.

யாராவது ஒரு வழி சொல்வார்கள் என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். இருந்த வழிகளையெல்லாம் ஏற்கெனவே நடந்து பார்த்தாயிற்று. கடைசியில் வேன்காரன்தான் எழுந்து, வாசலில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். போகிற வழியில், "அண்ணி, நாளைக்கு மூட்டையை வாங்கிக்கங்க" என்றான் திரும்பிப் பார்க்காமல்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் அதுவும் ஒரு முறையாகிவிட்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள். ஆறு மணி ஆனதும் உள்ளே ஒரு சொடக்குச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபிறகு பெரியவள் பெட்டியைப் போடுவாள். முதல் இரண்டு மூன்று நாள் ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தாள். பெயின்டர் கையால் போ போ என்று சைகை காட்டினார். அவள் வந்து பார்க்கிற நேரமும் அவருடைய நேரம்தானே. அதனால் போவதை நிறுத்திக்கொண்டு, வேகத்தைக் கூட்டினாள். தண்ணீர் தெளிப்பதை முன்கூட்டியே முடித்துவைத்தாள். அடுக்குவதைச் சின்னவளிடம் விட்டாள். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எதற்கும் நடுவில் நகரமாட்டாள். மூட்டையின் கடைசி விரிப்பை மடித்ததும் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் மெஷினைப் போடுவாள். முன்பு இருட்டி வெகுநேரமாகி முடிகிற வேலை, இப்போது மூட்டைக்காரர் வருவதற்கு முன்னாலேயே முடிந்தது.

மெஷின் போட்ட பிறகும் அவருக்கு மூச்சு இறங்க நாளுக்கு நாள் அதிக நேரமாயிற்று. கால் வீங்கியது. நகம் நீலம் பாரித்தது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலி போட வேண்டிவந்தது. இதையெல்லாம் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. சின்னவள்தான் ஒரு நாள் அடுக்கிக்கொண்டே, "மாமியார் இப்பல்லாம் சத்தமே போடறதில்லை பார்த்தீங்களா" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு புழுங்கித் தள்ளியது. பெரியவள் கடைசி விரிப்பை மடித்து, உள்ளே போய் மெஷினைப் போட்டு, அவருக்குக் குழாயை மாட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மூட்டைக்காரர் வாசலில் நின்றிருந்தார். அடுக்கிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். கரையைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இப்ப உங்க வேலை எங்கேயோ போயிடுச்சு! நேரத்துக்கும் ரெடி, சுத்தத்துக்கும் சுத்தம். ஓனருகிட்ட நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"கம்பெனி இன்னொரு வண்டி விடறாங்க. அந்த விரிப்பை வேற எங்கேயும் குடுக்க வேண்டாம், அக்காகிட்டயே குடுத்துடலாம்னு சொன்னேன். உங்களுக்கும் ஒரு கை உதவியா இருக்குமே. சாருக்கு வைத்தியச் செலவு இருக்கு, எனக்குத் தெரியாதா?" அவர் உண்மையிலேயே சந்தோஷமாக, ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு நின்றார். "புதன்கிழமைலேர்ந்து கொண்டு வரட்டுமா?"

இன்னொரு வண்டி விரிப்பைத் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பெரியவளுக்குத் தெரியும். அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். திரை விலகியிருந்தது. பெயின்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையை முழங்காலில் ஊன்றியிருந்தார், இன்னும் மூச்சு இறங்கவில்லை, பேச முடியவில்லை. அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். சரியென்று சொல் என்று ஆட்டினார். இன்னொரு தடவை ஆட்டினார்.

"வேண்டாம்னா சொல்லிடுங்க அக்கா, தப்பா நினைக்கமாட்டேன். வேற ஆளு ரெண்டு பேர் கேட்டுட்டுத்தான் இருக்காங்க" என்றார் மூட்டைக்காரர்.

"இல்லை" என்றாள் அவள். "கொண்டாங்க."